சவரி ஏட்டுக்கு யார் சிலுவை பிடிப்பது

எங்கள் காலனியில் ஒருவர் செத்தால், சவப்பெட்டிக்குச் சொல்வதற்கு முன்பே எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அன்புவுக்குச் சொல்லியாச்சா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம், ரயில் பாதைக்கும் கம்பெனி மதில்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அது ஒரு வழக்கம். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் யார் இயேசுவாகச் சிலுவை சுமக்கிறாரோ, அவர்தான் அந்த வருடம் முழுக்க எந்தச் சாவு விழுந்தாலும் முன்னால் சிலுவை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். செருப்பில்லாமல் நடக்க வேண்டும். பெட்டி அவருக்குப் பின்னால்தான் போகும். அப்படிச் சிலுவை இல்லாமல் கல்லறைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்து மருந்து குடித்துச் செத்தவர்கள்தான், அதுவும் அந்தக் காலத்தில். அவர்களை மதில் ஓரமாகப் புதைத்தார்கள்.

என் அக்கா புருஷன் சவரிமுத்து, முன்னாள் பட்டாளத்துக்காரர், ரிட்டயர்டு ஏட்டு, ஈரல் கெட்டு வயிறு வீங்கிப் படுத்தபோது நரகத்துக்குப் பயப்படவில்லை. இதற்குத்தான் பயந்தார். ஏனென்றால் எங்கள் பங்கில் இருபது வருஷத்துக்கும் மேலாக இயேசு வேஷம் போடுகிறவன் அன்பு. அந்த அன்புவின் வலது முழங்காலை லத்தியால் அடித்து உடைத்தவர் சவரிமுத்து. "ஊர்ல எவன் செத்தாலும் நான் வரேன். சவரி ஏட்டு சாவுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க" என்று அன்பு டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். அது இவர் காதுக்கு வந்துவிட்டது. காலனியில் எது வராமல் இருக்கிறது?

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம் என்று சாவு வீட்டில் நிறையப் பேர் பார்த்தார்கள். எனக்கு அந்த வேலை வராது. அவர் கையால் நானும் வாங்கியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பிறந்தது இதே காலனி. அவர் அப்பா, இன்றைக்குக் கம்பெனிகள் புகை விட்டுக்கொண்டு நிற்கிற இதே நிலத்தில் அன்றைக்கு நெல் அறுத்தவர். மடை மாற்றிவிட்ட தகராறு ஒன்றில் பண்ணையின் கணக்குப்பிள்ளை அவரை வரப்பிலேயே குப்புறப் படுக்கவைத்து மாட்டுச் சாட்டையால் அடித்தான். சேறும் ரத்தமுமாக வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பதினெட்டு வயதுச் சவரிமுத்து மண்வெட்டியிலிருந்து பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கணக்குப்பிள்ளையின் தோள்பட்டையை இறக்கிவிட்டு, அப்படியே ரயில் ஏறி மெட்ராசுக்கு ஓடினார். அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்பை அளந்தார்கள், ஓடச் சொன்னார்கள், ஓடினார். "அடிச்சுட்டு ஓடியாந்தவன்னு தெரிஞ்சா சேத்துக்க மாட்டானுங்கன்னு பயந்துகினே நின்னேன். அப்பால பாத்தா அதுக்குத்தான் ஆளே எடுக்கிறானுங்க" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

இலங்கைக்குப் போன பட்டாளத்தில் அவரும் போனார். யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சந்து. இவர்கள் நுழைந்ததும் சனம் மொத்தமும் தலைதெறிக்க ஓடியது. ஒருத்தன் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றான். சவரிமுத்து துப்பாக்கியைத் தூக்கினார். கூட இருந்த சித்தூர்க்காரர், இவருடைய சிநேகிதர், குழாயைக் கையால் தாழ்த்தி, தப்பு பண்ணாதவன்தான் ஓடாமல் நிற்பான், விடு என்றார். விட்டார். இரண்டு பேரும் அவனைத் தாண்டிப் போன பிறகு பின்னால், அவன் நின்ற இடத்தில், குண்டு வெடித்தது. இவருக்கு இடது தோளில் இரும்புத் துண்டுகள். சித்தூர்க்காரருக்கு வயிறு திறந்துவிட்டது. வெளியே வந்ததை எல்லாம் இவர் இரண்டு கையாலும் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தாராம். அந்த ஆள் தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இவர் மடியில் செத்தார். குடித்தால் மட்டும்தான் இந்தக் கதை வெளியே வரும். எப்போது வந்தாலும் என்னிடம் ஒரே வார்த்தையில்தான் முடிப்பார்.

"ஓடறவன நம்பலாம் எட்வர்ட். நிக்கிறவன நம்பாத."

அக்கா ரோசம்மாளை அவருக்குக் கட்டிக்கொடுத்தது அதற்குப் பிறகு. ஒரு லீவில் வந்திருந்தவர், குழம்பில் உப்புக் கம்மி என்கிற மகா பெரிய குற்றத்துக்காக அக்காவை அறைந்து உதட்டைக் கிழித்துவிட்டார். நான் அப்போதுதான் ஐ.டி.ஐ. முடித்திருந்த திமிர். பைப் ரெஞ்ச் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கையை ஓங்கினதுதான் ஞாபகம் இருக்கிறது. ரெஞ்ச் எப்போது அவர் கைக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. ஒரு கை என் கழுத்தைச் சுவரோடு வைத்து அழுத்தியது, இன்னொரு கை விலாவில் இறங்கியது. இரண்டு எலும்பு விட்டுப்போனது. அடித்ததைக்கூட மன்னிக்கலாம். அடிக்கும்போது அந்த முகத்தில் கோபமே இல்லை. பூட்டைத் திறக்கிற ஆளுக்கு இருக்குமே ஒரு கவனம், அதுதான் இருந்தது. பிறகு அவரே என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம், ரெஞ்சை அப்படிப் பிடிக்கக் கூடாது என்று புத்தி வேறு சொன்னார்.

அதற்கப்புறம் அவர் அக்காவைத் தொட்டதில்லை. என் வீரத்தைப் பார்த்தா? அட போங்கய்யா. அக்கா கொதிக்கிற கஞ்சிப் பானையைக் காட்டி, இன்னொரு தடவை கை ஓங்கினால் தூங்கும்போது மூஞ்சியில் ஊற்றிவிடுவேன் என்றாள். அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

பட்டாளத்திலிருந்து வந்ததும் முன்னாள் ராணுவத்தினர் கோட்டாவில் போலீசில் எடுத்துக்கொண்டார்கள். திருவள்ளூர்ப் பக்கம் வேலை. ஆடி மாதம் பெரியபாளையத்தில் கூட்டத்தைத் தள்ளுவார், தேர்தல் வந்தால் ஆர்.கே.பேட்டையில் ஓட்டுப் பெட்டிக்குக் காவல் நிற்பார், காக்களூரில் குடித்துவிட்டு வெட்டிக்கொண்டவர்களை வேனில் ஏற்றுவார். எங்கே வேலை பார்த்தாலும், "சவரியக் கூப்புடு" என்று அதிகாரி சத்தம் போட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் பாதி விஷயத்தைக் கக்கிவிடுவானாம். இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். அக்கா அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் இவருடைய உயரத்தையும் குரலையும் பார்த்துவிட்டு, பெரிய வெள்ளிக்கிழமை இவரை ரோமாபுரிப் படைத் தலைவனாக்கினார். தகரத்தில் ஒரு தொப்பி, பழைய சிவப்புத் திரைச்சீலையில் ஒரு போர்வை. வசனம் ஒன்றே ஒன்று. இயேசு சிலுவையோடு மூன்று தடவை விழுவார், ஒவ்வொரு தடவையும் இவர் பரேடு குரலில், "எழுந்திரு! நட!" என்று கத்த வேண்டும். ஸ்பீக்கரே தேவையில்லை, ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வருஷம் முழுக்கக் காலனிப் பிள்ளைகள் கோலி விளையாடும்போதுகூட ஒருத்தனை ஒருத்தன் அப்படித்தான் கத்துவார்கள்.

இயேசு அன்பு. என் கூட்டாளி. நாங்கள் இருவரும் ஒரே உருட்டாலையில் வேலை பார்த்தோம். இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற மில். நான் கிரேன் ஓட்டினேன், அவன் கீழே கம்பி கட்டினான். அப்பா இல்லாதவன், அம்மா ஆரோக்கியமேரிக்கு ஒரே பிள்ளை. என்னைப் பார்த்து அவனும் சவரிமுத்துவை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

சாட்டைக்குத் தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துக் குங்குமம் கரைத்த தண்ணீரில் ஊறவைப்போம். மாமா அதைத் தலைக்கு மேலே சுழற்றி ஓங்கிக்கொண்டு வருவார். முதுகில் படப்போகிற சமயத்தில் மணிக்கட்டைச் சுண்டி இழுத்துவிடுவார். தண்ணீர் மட்டும்தான் தெறிக்கும். வெறும் முதுகில் சிவப்புக் கோடு கோடாக விழுவதைப் பார்த்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். "மாமா அடிச்சா காத்துதான்டா படும், கொசு கூட சாவாது" என்பான் அன்பு. அடி விழுகிற நேரத்தில் அவன் உடம்பை இறுக்கக்கூட மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக நிற்பான். வருஷா வருஷம் அப்படித்தான் நின்றான்.

பிறகு அந்தத் தவக்காலம், பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்பு நாட்கள், வந்தது. மில்லில் ஒரிசாப் பையன் ஒருத்தன், காண்டிராக்ட் ஆள். தடம் மாறிய கம்பி ஒன்று பழுக்கப் பழுக்க வெளியே பாய்ந்து அவன் வயிற்றில் நுழைந்து முதுகு வழியாக வந்தது. நான் கிரேன் மேலிருந்து பார்த்தேன். அந்த நாற்றத்தை எழுத முடியாது, விடுங்கள். மிஷினை நிறுத்துவதற்குள் ஆள் முடிந்துவிட்டான். கம்பெனி, அவன் எங்கள் ஆளே இல்லை என்றது.  உடம்பைத் துணியில் சுற்றி மில் வாசலில் கிடத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.

வெயில் ஏறியதும் திருவள்ளூரிலிருந்து போலீஸ் வேன்கள் வந்தன. எந்த மில், எந்த வாசல் என்று வேன் கதவைத் திறக்கும்வரை உள்ளே இருந்த மாமாவுக்குத் தெரியாது. அதை நான் நம்புகிறேன். இன்ஸ்பெக்டர் ஒருவர் கலைந்து போகச் சொன்னார். நாங்கள் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவர் நெற்றியைப் பிளந்தது. அவ்வளவுதான், லத்திகள் இறங்கின. மண்டை உடைகிற சத்தம் தேங்காய் உடைகிற சத்தம் இல்லை, அதைவிடச் சின்னது, ஈரமானது. என் பக்கத்தில் இருந்தவன் பல்லைத் துப்பினான். செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் ரத்தமுமாக ரோடு கிடந்தது. கூட்டத்தில் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பூட்டைத் திறக்கிற அந்த முகம். அதை நான் ஏற்கெனவே பார்த்தவன் இல்லையா? ஓடினேன். கண்ணாடிச் சில்லு பதித்த மதிலில் கை கிழியக் கிழிய ஏறினேன்.

மதில் மேலிருந்து திரும்பினால், வாசலில் எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஒரிசாப் பையனின் உடம்புக்குப் பக்கத்தில் அன்பு மட்டும் நிற்கிறான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஓடுடா, ஓடுடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான்.

"மாமாதானடா வராரு" என்றான்.

சொல்லிவிட்டுக் கண்ணை வேறு மூடிக்கொண்டான். வேறு எந்தப் போலீஸ்காரன் லத்தியோடு வந்திருந்தாலும் எனக்கு முன்னால் அவன் ஓடியிருப்பான். அவனுக்குத் தெரிந்தது கயிறு சுழற்றுகிற மாமா. பட்டாளத்து மாமாவை அவனுக்குத் தெரியாது. அந்த மாமாவுக்கோ, ஊரே ஓடும்போது ஒருத்தன் மட்டும் அசையாமல் நிற்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

முதல் அடி தோளில். இரண்டாவது அடி முழங்காலில் பக்கவாட்டில் விழுந்தது. எலும்பு போன சத்தம் மதில் வரைக்கும் வந்தது. அன்பு கத்தவில்லை, கண்ணைத் திறந்தான். என்ன நடந்தது என்று அவனுக்குப் புரியவே இல்லை. கீழே விழுந்தவனை மாமா விடவில்லை. முதுகு, இடுப்பு, மறுபடி அதே கால். லத்தி முறிந்தது. முறிந்த பாதியால் அடித்தார். அடித்துக்கொண்டே, "எழுந்திரு! நட!" என்று கத்தினார். ஐயோ, அன்பு எழுந்திருக்கப் பார்த்தான். அதுதான் என் நெஞ்சை இன்னும் அறுக்கிறது. அந்தக் குரலைக் கேட்டால் எழுந்து அவனுக்குப் பழக்கம். கையை ஊன்றி எழுந்தான், கால் மடங்கி விழுந்தான், மறுபடி கையை ஊன்றினான். இரண்டு போலீஸ்காரர்கள் மாமாவைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவர் கீழே கிடப்பது யார் என்று குனிந்து பார்த்தார்.

கலவரத்தில் ஓடும்போது மதில் ஏறி விழுந்து கால் முறிந்தது என்று கேஸ் எழுதினார்கள். மாமாவும் அப்படியே சாட்சி சொன்னார். அன்புவுக்கு மில் வேலை போனது. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போன மாமாவை, ஆரோக்கியமேரி வாசலிலேயே மறித்தாள். பாட்டிலைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டு உடைத்தாள். அவர் யூனிபார்மோடு குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் அன்பு வளைந்த காலோடு சாமியாரிடம் போய், சிலுவையை நானே தூக்குகிறேன் என்றான். அதன் பிறகு அவன் விழுவதில் நடிப்பே இல்லை. மாமா பெரிய வெள்ளிக்கிழமைகளில் தானாகக் கேட்டு வாங்கித் திருவள்ளூரில் டியூட்டி போட்டுக்கொண்டார். தகரத் தொப்பி என் தலைக்கு வந்தது. என் குரலுக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அன்புவுக்கு என்னதான் வேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டேன். "கால் போனது போவட்டும்டா. நான் ஓடல. ஓடி வுழுந்தேன்னு எழுதிக்கினாங்களே, அத்த அவரு வாயால இல்லன்னு சொல்லட்டும்" என்றான். மாமாவிடம் போய்ச் சொன்னேன். சர்வீசில் இருந்தவரை, யூனிபார்ம் போட்டவன் அப்படிச் சொல்ல முடியாது என்றார். ரிட்டயர்டு ஆன பிறகு அதுவும் சொல்லவில்லை. பதிலுக்குக் கேள்விதான் கேட்பார். அவன் ஏன் ஓடவில்லை? எல்லோரும் ஓடும்போது அவனுக்கு மட்டும் என்ன கேடு? ஓடியிருந்தால் இந்தப் பேஜாரே இல்லையே? இதைக் கேட்டுக் கேட்டே குடித்தார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் கிளாஸைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

ஈரல் போனது. கண் மஞ்சளானது, கையும் காலும் குச்சியானது, வயிறு மட்டும் பானையாக நின்றது. படுக்கையில் சிலுவைப் பேச்சுதான். அன்பு வருவானா, வராவிட்டால் யார் பிடிப்பது, மதில் ஓரம் போட்டுவிடுவார்களா. போன வருஷம் தவக்காலத்தில் ஒரு பகலில் அக்கா அவர் வயிற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஃபேன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் தொடங்கினார், அவன் ஏன்டா ஓடல என்று.

அக்கா துணியைப் பிழிந்து வைத்தாள். "நீ வரன்னுதான்யா நின்னான். மாமா அடிச்சா வலிக்காதுன்னு நின்னான். ஆரோக்கியமேரி எங்கிட்ட சொல்லி எத்தினி வருசமாவுது. உனக்கு ஒறைக்கும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.  பிறகு ஒரு சத்தம் வந்தது. அடிபட்ட மாடுகூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. படுக்கையிலிருந்து உருண்டு கீழே விழுந்தார். தன் கையைத் தானே தரையில் ஓங்கி ஓங்கி அடித்தார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து மேலே ஏறி உட்கார்ந்தேன். அடங்கிய பிறகு, பெரிய வெள்ளி என்றைக்கு என்று கேட்டார்.

அன்றைக்கு அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து ரயில்வே கேட் ஓரம் உட்காரவைத்தார்கள். இயேசு இரண்டாம் தடவை விழுகிற இடம் அது. அன்பு சிலுவையோடு தார் ரோட்டில் விழுந்தான். நான் தகரத் தொப்பியோடு வாயைத் திறக்கிறேன், அதற்குள் பின்னாலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது. பாதிதான் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கி மில்லு வாசல்ல அன்பு ஓடல. மதில் ஏறி வுழல. நின்னுக்கினு இருந்தான். நான்தான் அடிச்சு ஒடைச்சேன். எழுதிக் குடுத்ததெல்லாம் பொய்யி."

பின்வரிசையில் சில பெண்கள் இது இந்த வருஷத்துப் புது வசனம் என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் ரயில் பாதையைப் பார்த்தார்கள். ஆரோக்கியமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்பு நெற்றியைத் தாரில் வைத்தபடி கிடந்தான். என் வேலையை நான் செய்ய வேண்டும் இல்லையா? எழுந்திரு, நட என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் எழுந்தான், நடந்தான். நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை.

ஈஸ்டர் கழிந்து, கத்திரி வெயிலில், காலையில் மாமா செத்தார். அமைதியாகச் செத்தார் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அவருக்கென்ன, சாகப்போகிறவருக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டு முன்பே கிளம்பிவிட்டார். இரண்டு பேசின் ரத்தம் வாந்தி எடுத்தார் மாமா. மூன்று ஆண்பிள்ளைகள் பிடித்தும் நிற்கவில்லை, ஒருத்தனை உதைத்துத் தள்ளினார். சுவரெல்லாம் தெறித்தது. கடைசியில் என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டு, "வருவானா?" என்றார். வருவான் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. தெரியாது மாமா என்றேன். பிடி விடுவதற்கு வெகுநேரம் ஆனது.

மாலை நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. முன்னாள் ராணுவத்தினர் கொடி கொண்டுவந்தார்கள், ஸ்டேஷனிலிருந்து மாலையோடு சிலர் வந்தார்கள். பெட்டியை மூடியாகிவிட்டது. சிலுவை வாசல் சுவரில் சாய்ந்து நின்றது. யாரும் தொடவில்லை. அன்பு இல்லை. சாமியார் வாட்சைப் பார்த்துவிட்டு, பீடத்தில் உதவி செய்கிற யாரையாவது பிடிக்கச் சொல்லலாமே என்றார். அக்கா அழுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"வேணாம் சாமி. அவன் வரலன்னா சிலுவ இல்லாமயே போவட்டும். இந்த ஆளுக்கு வர வேண்டியது அது" என்றாள்.

 நாங்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினோம். அப்போதுதான் தெருமுனையில் அந்த நடை தெரிந்தது. ஒரு கால் ஊன்றும், ஒரு கால் இழுபடும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பெட்டியைப் பார்க்கவில்லை. சுவரோரம் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான்.

"அக்கா, செருப்ப இங்க வுட்டுக்கினு போறேன், பாத்துக்க" என்றான். சிலுவையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

சிலுவையை முந்திக்கொண்டு யாரும் போகக் கூடாது. அதனால் ஊர்வலம் முழுக்க அவன் காலின் வேகத்தில்தான் போயிற்று. ஓர் அடி, பிறகு ஓர் இழுப்பு. அவர் உடைத்த கால் எவ்வளவு நடக்குமோ அவ்வளவுதான் அவர் போக முடிந்தது. பெட்டி கனத்தது, வீங்கிய உடம்பு. தார் கொதித்தது. சிப்காட் லாரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒரு போலீஸ்காரர் கொஞ்சம் சீக்கிரம் நடக்கச் சொல்லுங்களேன் என்று என் காதில் சொன்னார். நீயே போய்ச் சொல்லு என்றேன். அவர் போகவில்லை.

ரயில்வே கேட்டில் அன்புவின் முழங்கால் மடங்கிவிட்டது. சிலுவையோடு முகம் அடிபட விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் தாரில் சொட்டியது. பெட்டியோடு நின்றுவிட்டோம். லாரிக்காரர்கள்கூட ஹாரனை விட்டுவிட்டார்கள். காலனி முழுக்க அங்கே நின்றது. எல்லோருக்கும் அந்த இடத்தில் வர வேண்டிய வார்த்தை தெரியும். என் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். கத்த வேண்டியவர் என் தோள்மேல் பெட்டிக்குள் கிடந்தார்.

அன்பு கையைத் தாரில் ஊன்றினான்.

"எழுந்திரு" என்றான், மெதுவாக. "நட."

தனக்குச் சொன்னானோ, அவருக்குச் சொன்னானோ, எனக்குத் தெரியாது. சிலுவையை ஊன்றி எழுந்து, வாயைத் துடைத்துக்கொள்ளாமல் நடந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நாங்கள் அவன் பின்னால் போனோம்.